அரை அங்குலம்

"என் சுவர்ல ஒரு கம்பிகூட ஏறக்கூடாது"
என்று மச்சாண்டார் வியாகுலம் சொன்னது
பங்கு பிரித்த ஆத்திரத்தில்.
"ஏத்தவும் முடியாது" என்று
உச்சிப்புளி நாகநாதன் சொன்னது
சுத்தியால் அதைத் தட்டிக் கேட்டுவிட்டு.
பவளக்கல், சுண்ணாம்பு, உள்ளே பொந்து.

அதனால் புது அறைக்குச்
சொந்தக் கால்கள் நான்கு.
ஒட்டி நிற்கும், தொடாது.
நடுவில் அரை அங்குலம் காற்று.

அறை எதற்கென்று கேட்டவர்களிடம்
தூங்க என்றேன். சிரித்தார்கள்.
ஜெரோன் விடியலில் கரையேறி
வலை அலசி, மீன் நிறுத்து,
படுக்கும்போது வெயில் எழுந்துவிடும்.
தங்கச்சிமடத்தில் பகலில் தூங்குவது
இரவில் கடலில் கிடப்பதைவிடக் கடினம்.
ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் கீழ்
பதினோரு வருடம்
ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுப் புரண்டவர்.
பன்னிரண்டு மணிக்கு
அந்தத் துண்டு அப்பளம்.

நண்டுக் கம்பெனியில் நான்
தெர்மாகோல் பெட்டியில் சதை அடுக்குகிறேன்.
தூத்துக்குடி போய்ச் சேரும்வரை
ஐஸ் ஐஸாகவே இருக்கும்.
செத்த நண்டுக்கு அவ்வளவு மரியாதை.

உடைந்த பெட்டிகள் நாற்பது சேர்த்தேன்.
நாகநாதன் கட்டைவிரலால் அமுக்கினார்.
குழி விழுந்தது.
"மேல நடக்கணும், தண்ணித்தொட்டி வைக்கணும்.
அடர்த்தியா வேணும்மா."
அடர்த்தியானது இராமநாதபுரத்திலிருந்து வந்தது,
இரண்டு அங்குல கனத்தில்.
என் தோடு அதே பஸ்ஸில் எதிர்த்திசையில் போனது.

பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி.
நடுவே ஒரு பீம் தொங்கும் என்றார்.
அழகில்லையே என்றேன்.
"அழகு தொய்யும்" என்றார்.
மணல் லாரி வந்ததும்
ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.
என் தாய்வீட்டு அடுப்படித் தளம் கடல்மணல்;
கம்பி துருவேறி வீங்கி
ஒருநாள் குழம்புக்குள் விழுந்தது.
இதில் உப்பில்லை. இறக்கச் சொன்னேன்.

கான்கிரீட் போட்ட அன்று
கீழே சவுக்கு முட்டு இருபத்தாறு.
அறைக்குள் ஒரு தோப்பு.
இருபத்தொரு நாள் தொடக்கூடாது,
மேலே பாத்தி கட்டித் தண்ணீர்.
பத்தாம் நாளே ஜெரோன்
முட்டுகளின் நடுவே பாய்விரித்துப் படுத்தார்.
சொட்டும் ஈரத்தில் குழந்தைபோலத் தூங்கினார்.
பங்குப் பேச்சில் நான்
யாருக்கும் முட்டுக் கொடுக்கவில்லை.
கொடுத்திருந்தால் எந்தப் பக்கம் என்று
இன்றுவரை தெரியாது.

மொட்டைமாடி தட்டை என்றே நினைத்திருந்தேன்.
பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வேண்டுமாம்.
"வாட்டம் இல்லாத தளம் அழுகிப்போகும்"
என்றார் நாகநாதன், சிரிக்காமல்.
தெர்மாகோல், அதன்மேல் பாலித்தீன்,
சன்ன ஜல்லி, வெள்ளை ஓடு.
மீந்த பெட்டித் துண்டுகளை
அரை அங்குல இடுக்கில் செருகினேன்.

ஐப்பசியில் முதல் மழை
நேராக அந்த இடுக்கில் இறங்கியது.
நடுராத்திரி தார்ப்பாயோடு நான் ஏற
அவர் படியில் டார்ச்சோடு வியாகுலம்.
"என் பக்கமும் ஊறுது."
எட்டு மாதத்தில் முதல் பேச்சு அது.

நாகநாதனுக்குப் போன் போட்டோம்.
"தகடு வச்சு மூடுங்க.
ஆணி ஒரு பக்கம் மட்டும், சுவர்ல.
தளத்துப் பக்கம் சும்மா கிடக்கட்டும்.
வெயில்ல வீடு நீளும்."
சுவர் யாருடையது என்று
அவருக்கும் தெரியும்.
மழையில் கொஞ்ச நேரம் நின்றோம்.
பிறகு வியாகுலம் டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு
சுத்தி எடுக்கப் போனார்.
ஒன்பது ஆணி. இரண்டு வளைந்தன.

இப்போது மதியம் இரண்டு மணி.
கீழே குறட்டை கேட்கிறது.
தகட்டின்மேல் ஒரு பூனை,
அடியிலிருந்து வரும் நண்டு வாசனையை
விடாமல் முகர்ந்துகொண்டு.
அது யார் வீட்டுப் பூனை என்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.